காற்று புகாத படகு

மாணிக்கவேலின் வலது கால் படகின் முன்பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து ஆள் ஏறிக் குதித்துப் பார்த்தும் அசையாத பலகை அது. இப்போது ஐம்பது கிலோகூடத் தேறாத ஒரு தறிக்காரரின் ஒற்றைக் காலுக்கு, ஊறிய அவல்போல வழிவிட்டுவிட்டது. காலை இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மரம் கரிய சேறாகக் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கரைமேல் இருபது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். எல்லாரும் ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கொல்லைமேட்டுக்காரர்கள். முந்தின நாள் ஆரணி பஜாருக்கு வந்தவர்கள். நாலு நாள் மழையில் ஏறிக்கொண்டே வந்த ஏரி, அன்று சாயங்காலம் அவர்கள் ஊருக்குப் போகும் மண்பாதையை முழுக்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படுத்தெழுந்து, விடிந்ததும் படகுக்காக வந்து நின்றார்கள். எண்பத்திநாலாம் வருஷத்து ஐப்பசி அது.

"இன்னாங்க, கால் எடறிச்சா?" என்று கேட்டாள் முனியம்மாள், இடுப்பில் கிருஷ்ணாயில் டின்னோடு.

மாணிக்கவேல் குனிந்தார். பக்கப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் இறங்கியது. அடுத்த பலகையை அழுத்தினார். அதுவும் இறங்கியது. குறுக்குச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார், பாதி கையோடு வந்துவிட்டது. அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. கரையில் யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள், ஒன்றும் உறைக்கவில்லை. கையில் இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். 

அவர் ஒன்றும் பிறவிப் படகுக்காரர் இல்லை. நீச்சல்கூடத் தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சேவூரைத் தாண்டி ஏரிக்கரையில் முடியும் நெசவாளர் தெருவில் அவருடையது கடைசி வீடு. பன்னிரண்டு வயதில் தறிக்குழியில் காலை விட்டவர், முப்பத்தொன்பது வயதுவரை எடுக்கவில்லை. பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலூர் டாக்டர், இனி குழியில் உட்கார்ந்தால் நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். தறியில் மனைவி ஜெயம் உட்கார்ந்தாள். இவர் அவள் பின்னாலேயே நின்று, அங்கே இழை அறுந்திருக்கிறது, இங்கே இழை நெருங்க பன்னைச் சட்டத்தை இன்னும் இழுத்து அடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

"வூட்லயே சுத்திகினு இருக்காதீங்க, பேஜாரா கீது. எங்கனா போயிட்டு வாங்க" என்று ஒரு நாள் ஜெயம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான், எண்பத்தொன்றில், ஊராட்சியில் ஒரு படகு செய்தார்கள். ஏரி நிரம்பினால் கொல்லைமேட்டு நாற்பது வீட்டுக்கும் வேறு வழி கிடையாது. பெரணமல்லூரிலிருந்து சடையப்பன் மேஸ்திரி வந்து, இருபது நாள் கரையிலேயே தங்கி, இலுப்பை மரத்தில் அதைச் செய்து முடித்தார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, கரைக்குப் பக்கத்து வீடு, நிதானமான மனுஷன் என்று பிரசிடென்ட் தருமன் மாணிக்கவேலைக் கைகாட்டினார். தறிக்காரன் தண்ணிக்காரன் ஆகிவிட்டான் என்று தெரு சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரு வருஷமாகச் சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

படகை ஒப்படைக்கும்போது சடையப்பன் இரண்டே விஷயம்தான் சொன்னார். "கரையில ஏத்தாதீங்க, வெயில்ல பலகை சுருங்கி வாய் பொளந்துக்கும். எந்நேரமும் தண்ணியிலயே கெடக்கட்டும். மழைத்தண்ணி உள்ள சேராம மேல மூடி வைங்க, அவ்ளோதான்."

மதகுக்குப் பக்கத்தில், கோடையிலும் வற்றாத ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு பக்கமும் கல் கட்டி, படகு மட்டும் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. அங்கேதான் கட்டினார். லாரிக்காரர்கள் போடும் கெட்டித் தார்ப்பாயை ஊராட்சி வாங்கித் தந்தது. எப்படி மூடுவது என்று மேஸ்திரி சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மூடி வைப்பதைப்பற்றிப் பட்டு நெய்பவனுக்கு யாராவது பாடம் எடுப்பார்களா?

தறியில் ஏற்றிய பாவுக்குப் பெரிய சத்துரு காற்றுதான். பங்குனி சித்திரையில் வறண்ட காற்று ஒரு வீச்சு வீசினால் போதும், பட்டு இழை முறுகி, படபடவென்று அறுந்துபோகும். அதனால் ஜன்னலைச் சாத்தி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நெய்யாத நேரத்தில் பாவின்மேல் துணி போர்த்தி வைப்பார்கள். இருபத்தேழு வருஷம் அப்படி வாழ்ந்த மனுஷன், படகையும் அப்படியே பார்த்தார். தார்ப்பாயைத் தண்ணீர் மட்டம்வரை இழுத்துவிட்டு, கயிறு போட்டு, சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு போட்டார். விளிம்பில் எங்கெல்லாம் இடுக்கு தெரிந்ததோ அங்கெல்லாம் கழிவுப் பட்டுநூலை உருட்டித் திணித்தார். கோடையில் தார்ப்பாயின்மேல் ஈரச் சாக்கு வேறு. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். "எறும்புகூடப் பூர முடியாது" என்று தருமனே நாலு பேரிடம் சொன்னார். மாணிக்கவேலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முதல் வருஷம் ஏரியில் தண்ணீர் நின்றது, படகு ஓடியது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. பாதை காய்ந்தே கிடந்தது, படகுக்கு வேலையில்லை. ஆனாலும் இவர் ஓயவில்லை. வாரம் ஒருமுறை பின்பக்கத்து மூலையில் மட்டும் ஒரு முடிச்சை அவிழ்த்து, கையை விட்டு, அடியில் கசிந்த தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு ஊற்றிவிட்டு, உடனே நூலைத் திணித்து இறுக்கிவிடுவார். அப்போதெல்லாம் ஒரு புளித்த வாடை வரும். மதகுச் சேற்று நாற்றம் என்று நினைத்துக்கொண்டார். முழுசாகத் திறந்து ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. திறந்தால் கெட்டுப்போகும் என்று நிஜமாகவே பயந்தார்.

அதன் பலனைத்தான் அன்று காலை இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தருமன் குடையோடு வந்தார். பலகையைக் காலால் ஒரு எத்து எத்தினார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. "இலுப்பைன்னு சொல்லிட்டு மாமரத்தப் போட்டு ஏமாத்திட்டான்யா அந்த மேஸ்திரி! மூணு வருசத்துல மக்குற மரமா இலுப்ப?" என்று கத்தினார். கரையில் நின்றவர்களுக்கும் யாரையாவது திட்டியாக வேண்டியிருந்தது. பெரணமல்லூர்க்காரன் கை விளங்காது என்றார்கள். யூனியன் ஆபீசுக்கு எழுதி, இனி எந்த ஊராட்சியிலும் அவனுக்கு வேலை கொடுக்காமல் பண்ணுகிறேன் என்று தருமன் அங்கேயே சூளுரைத்தார். "நீ இன்னாய்யா பண்ணுவ பாவம், கொழந்த மாதிரி பாத்துகினு இருந்த" என்று மாணிக்கவேலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். லாரி டியூப் இரண்டைக் கட்டி, ஆட்களை ஒவ்வொருவராக அக்கரை சேர்த்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மாணிக்கவேல் தார்ப்பாயை முழுதும் இழுத்துப் போட்டார். மேஸ்திரிமேல் அவருக்கும் ஆத்திரம் பொங்கியது. எந்தப் பலகையாவது மிஞ்சியிருக்கிறதா என்று கைக்கத்தியால் குத்திக்கொண்டே வந்தார். கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தண்ணீர்ப் பக்கத்தில், தார்ப்பாயில் உள்ளங்கை அகலத்துக்கு எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அத்தனை முடிச்சு போட்டும் தப்பிய ஓட்டை. அந்த இடத்தில் பலகையைக் குத்தினார். கத்தி இறங்கவில்லை. ஓங்கிக் குத்தினார். கத்திமுனைதான் மடங்கியது. ஓட்டையைச் சுற்றி ஒரு முழத்துக்கு மரம் காய்ந்து, சிவந்து, புதுசு மாதிரி இருந்தது. தள்ளிப்போகப் போக, ஓட்டை வழியாக வந்த காற்று எட்டாத இடத்தில் மரம் கறுத்துக் குழைந்திருந்தது.

இலுப்பைதான். நல்ல இலுப்பை. காற்று பட்ட இடத்தில் பிழைத்திருக்கிறது, இவர் கை பட்ட இடத்தில் செத்திருக்கிறது.

 மூன்று வருஷமாகத் தான் காத்தது எதை, கொன்றது எதை என்று மாணிக்கவேலுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த ஓட்டையை முன்பே பார்த்திருந்தால் அதையும் அடைத்திருப்பார். அந்த நல்ல துண்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போகும், மானம் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாத ஒரு மனுஷன் பிழைப்பில் மண் விழும். நாலாம் நாள் காலை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தவரிடம் ஜெயம், "இன்னாதான் ஆச்சி உங்களுக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "எழுந்து போங்க மொதல்ல. ஜல்தி போங்க" என்று மட்டும் சொன்னாள்.

தருமன் முழுசாகக் கேட்டுவிட்டு வாய் பிளந்தார். அப்புறம் அவருக்கு வந்த கோபத்தில் படகு வேலையிலிருந்து இவரை அங்கேயே நீக்கினார். அதை மாணிக்கவேல் எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். அடுத்து தருமன் சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"அது சரி, முந்தாநேத்து ஆள் அனுப்பிக் கேட்டதுக்கு அந்த மேஸ்திரி மரம் தப்புதான்னு ஒத்துக்கினு கையெழுத்து போட்டுட்டானே. ஒரு வார்த்த எதுத்துப் பேசலயே. தப்பு பண்ணாதவன் ஏன்யா ஒத்துக்கறான்?"

மாணிக்கவேல் துண்டு மரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, நேரே பெரணமல்லூர் பஸ்ஸில் ஏறினார்.

சடையப்பனின் பட்டறையில் உளிச் சத்தம் இல்லை. சக்கரம் இல்லாத ஒரு கட்டை வண்டி பாதியில் நின்றது. மேஸ்திரி ஒரு மரப்பெட்டியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் பார்த்த ஆள் மாதிரியே இல்லை.

"வாங்க" என்றார். "படகு விசயமாதான வந்தீங்க? எழுதிக் குடுத்துட்டேனே."

"ஏன் ஒத்துக்கினீங்க மேஸ்திரி?"

"அந்த மரத்த நான்தான் தட்டிப் பார்த்து எடுத்தேன். நல்ல மரம்னு நெனச்சேன். மூணு வருசத்துல மக்கிடுச்சின்னா இன்னா அர்த்தம்? மரம் பாக்க எனக்குத் தெரியலன்னு அர்த்தம். கண்ணும் காதும் ஏமாத்த ஆரமிச்சிடுச்சி. நேத்து ஒருத்தரு நெலைக்கதவுக்கு மரம் பாக்க கூப்ட்டாரு. வேணாம், வேற ஆளப் பாருங்கன்னு அனுப்பிட்டேன். இந்த வண்டியத் தொடவும் பயமா கீது."

 மேஸ்திரிக்கு ஊராட்சி வேலைதான் போகும் என்று மாணிக்கவேல் நினைத்திருந்தார். இங்கே மனுஷனே போயிருக்கிறான். துணியைப் பிரித்து, துண்டு மரத்தை அவர் கையில் வைத்தார். எலி ஓட்டையிலிருந்து கழிவுப் பட்டுநூல்வரை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சடையப்பன் துண்டை விரல் முட்டியால் தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். மோந்து பார்த்தார். நகத்தால் கீறினார். வெகுநேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை. "அப்போ மரம் நல்ல மரம்தான்" என்றார்.  பிறகு நிமிர்ந்து, "எப்படிக் கட்டுன? காட்டு" என்றார்.

மாணிக்கவேல் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரப்பெட்டியின்மேல் போர்த்தினார். நாலு பக்கமும் இழுத்து, கீழே கிடந்த சணலால் சாண் இடைவெளிக்கு முடிச்சு போட்டார். நூலுக்குப் பதில் தரையில் கிடந்த மரச்சுருளை உருட்டி, இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் திணித்தார். முடிச்சு ஒன்றுகூடக் கோணவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தபடியே கட்டி முடித்துவிட்டு நின்றார்.

சடையப்பன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருசமா செஞ்சி குடுத்துகினு கீறேன்யா" என்றார். "எத்தினி வண்டி, எத்தினி கதவு. வாங்கிகினு போயி மழையில போடுவானுங்க, வெயில்ல போடுவானுங்க, ஒருத்தன் திரும்பிப் பாக்கமாட்டான். நான் செஞ்ச பொருள இந்தப் பாடு பட்டுப் பாத்துகினவன் நீ ஒருத்தன்தான்யா. அதெல்லாம் இன்னும் நல்லா கீது. இது ஒண்ணுதான் செத்துச்சி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மாணிக்கவேல் பெட்டிமேல் கட்டிய துண்டை எடுக்கவும் கை வராமல் நின்றார். சடையப்பன்தான் எழுந்து வந்து முடிச்சுகளை அவிழ்த்தார்.