வயிற்றுவலி நோட்டு

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும். இரவெல்லாம் மலையைச் சுற்றிக் கிரிவலம் போய்விட்டு வந்து, காலையில் எழுந்திருக்க முடியாமல் வயிற்றின் மேல் பழியைப் போடுவார்கள். வேங்கிக்காலில் இருக்கும் அந்த அலுவலகத்தில் விடுப்புக் கடிதங்களை வாங்கிப் பதிவு செய்வது என் வேலை. பதினாறு வருடம் அதையே செய்ததில், வயிற்றுவலி என்று யார் எழுதினாலும் உதட்டைப் பிதுக்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதை வீட்டுக்கும் கொண்டுபோனேன் என்பதுதான் வெட்கக்கேடு.

என் மகளுக்குப் பிறந்த மாதத்திலேயே கணையத்தில் பெரும்பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். இன்சுலின் கட்டுக்கடங்காமல் சுரந்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது, வேறு வழியில்லை. பிழைத்துக்கொண்டாள். ஒன்பது வயதில் தொப்புளுக்கு மேலே வலி ஆரம்பித்தது. வரும், ஆளைச் சுருட்டிப் போடும், போய்விடும். ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. சென்னை டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார்.

"எப்ப வலிக்குது, எவ்ளோ நேரம், என்ன சாப்ட்டா, எதையும் விடாம எழுதிட்டு வாங்க."

எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, அழகாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் வலி திங்கட்கிழமை காலையில் வந்தது. கணக்குப் பரீட்சையன்று வந்தது. "இதெல்லாம் ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்குற வலி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அந்த நாட்களை எழுதாமல் விட்டேன். லீவு நாளில் வந்தால் மட்டும் எழுதினேன். பள்ளி நாட்களில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"இது நோட்டுல வருமாப்பா?"

"வராது. கெளம்பு."

பையை மாட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்தபடியே பள்ளிக்கூடம் போவாள். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் நோட்டைப் புரட்டினார். "பரவால்லியே, நல்லா கம்மியாயிருக்கு. இப்போதைக்கு வேற டெஸ்ட் வேணாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எல்லாம் தெரிந்தும் ஆட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் திரும்பினார்.

"வேற எப்பவாச்சும் வலிக்குதாம்மா?"

"வலிக்கும் சார். ஆனா அதெல்லாம் நோட்டுல வராத வலி."

யாரோ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிப்பதுபோல்தான் சொன்னாள். சொல்லிக்கொடுத்தவன் நான்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"நான்தான் சார் எழுதல. பொய் சொல்றாளோன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நோட்டையும் பேனாவையும் மகள் பக்கம் தள்ளி, "ஞாபகம் இருக்கறத எல்லாம் நீயே எழுதும்மா" என்றார்.

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதட்டுமாப்பா?" என்று கேட்டாள்.