ஃபேமிலிக்கு விடுவதில்லை

வளைகாப்பு முடிந்த கையோடு அம்மாவும் அப்பாவும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆரணியில் என் மாமியார் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பிய பெண்களெல்லாம், "போயி நல்லா காலை நீட்டித் தூங்கு, எழுப்ப ஆள் இருக்காது" என்று கேலி செய்தார்கள். நானும் அந்த நினைப்பில்தான் வந்தேன். எங்கள் ஊர்ப்பக்கம், ஒரகடம் வருவதற்குள்ளேயே என் பழைய அறையில், ஃபேனுக்கு நேர் கீழே, மனசால் படுத்துவிட்டேன்.

கார் எங்கள் வீட்டு முன்னால் நின்றது. வாசல் நிறைய செருப்பும் ஷூவும். ஒரு வீட்டு வாசலில் இத்தனை செருப்பு கிடந்தால் உள்ளே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்?

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீ உள்ள வா" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே போனேன். ஹாலைக் காணோம். ஹால் இருந்த இடத்தில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒரு சந்து. இரண்டு பக்கமும் பூசாத கல்சுவர், தகரக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயின்டில் ஒரு எண். என் அறைக்கு எண் நாலு. நான் படித்த, அழுத, கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்ட என் அறைக்கு எண் நாலு! கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளினேன். உள்ளே சுவரோரம் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள். கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "யாரு வேணும்க்கா?" என்றாள்.

"இது என் ரூம்."

அவள் என் கை வளையல்களையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "புதுசா ஜாயின் பண்ணிருக்கீங்களாக்கா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

தலைதீபாவளிக்கு வந்தபோது வீடு வீடாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு உண்டாகிவிட்டேன், டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். தினமும் வீடியோ காலில் பேசுவோம். எப்போது பேசினாலும் அம்மா சமையலறையில், சாமி மாடத்துக்கு முன்னால்தான் இருப்பாள். நான் கல்யாணமாகிப் போனதும் அம்மாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அவளைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். அட, வீட்டில் காட்டுவதற்கு மிச்சமிருந்த இடமே அதுதான் என்று எனக்கெப்படித் தெரியும்?

அப்பாவின் நிலம் நான் பள்ளிக்கூடம் போகும்போதே தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அந்த நிலத்தின் மேல் எழும்பிய கம்பெனியின் கேட்டில் அப்பா ரொம்ப நாள் செக்யூரிட்டியாக நின்றார். தன் கிணறு இருந்த இடத்தில் லாரிகளுக்கு கேட் திறந்துவிடுவதை அவர் குறையாகச் சொன்னதே இல்லை. பிறகு கான்ட்ராக்ட் மாறியது, வெளிமாநிலத்து இளவட்டங்கள் வந்தார்கள், அப்பாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் வந்து, "எங்க ஆளுங்க தங்க வூட்ட மொத்தமா வுட்டுடுங்க, தடுப்பு சுவரெல்லாம் நாங்களே வெச்சிக்கிறோம்" என்றாராம். அப்பா தலையாட்டிவிட்டார்.

"ஏம்ப்பா, நான் பிரசவத்துக்கு வருவேன்னு தெரியாதா?" என்று கத்தினேன்.

"தெரியாமயா? எதுத்த வூட்டு மாடிய உனக்கோசரம்தான் பேசி வெச்சேன். ஆறு மாசத்துக்கு மட்டும். நம்ம வூட்டு வாடகைல பாதிகூட அதுக்கு ஆவாது" என்றார் அப்பா. முகத்தில் ஒரு பெருமை வேறு.

கணக்கெல்லாம் சரிதான். ஆனால் எதிர்வீட்டு அத்தை அந்த மாடியை முந்தின வாரமே வேறொரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஆக, சமையலறைதான். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அம்மா பாய் விரிப்பாள். அதில் இப்போது நானும். அப்பா மொட்டை மாடியில், ஒரு தகர ஷீட்டுக்குக் கீழே. கனத்த வயிறோடு தரையிலிருந்து எழுந்திருக்க நான் படும் பாட்டை அந்த நாலாம் நம்பர் பெண் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தென்காசிப் பக்கத்துப் பெண் அவள், செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. ரெண்டாம் நாளே வந்து, "எனக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட்டுல்லாக்கா. ராத்திரி பூரா எங்கட்டில் சும்மாத்தான் கெடக்கும், நீங்க வந்து படுங்க" என்றாள்.

போய்ப் படுத்தேன். என் அறையில், என் ஃபேனுக்குக் கீழே, யாரோ ஒரு பெண்ணின் தயவில். விடிந்ததும் கம்பெனி வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும், நான் எழுந்துவிட வேண்டும். வேலை முடிந்து கண் சிவந்து வருகிறவள் படுக்க வேண்டாமா? "நீங்க இருங்கக்கா, நான் மேல படுத்துக்கிடுதேன்" என்பாள். மேல் கட்டிலிலும் ஆள் இருக்கும். அவளுக்கும் எனக்கும் ஆளுக்கொரு ஷிஃப்ட், ஒரே தலையணை. அடுத்த வாரம் அவளுக்குப் பகல் ஷிஃப்டாக மாறியது. நான் மறுபடி சிலிண்டர் பக்கத்துக்கு வந்தேன். தாய்வீட்டில் நான் எங்கே படுப்பது என்று ஒரு செல்போன் கம்பெனி முடிவு செய்தது.

சரி, காசு கொடுத்தாவது ஒரு ரூம் பிடிப்போம் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நான் பிறந்து வளர்ந்த தெரு, எல்லோரும் தெரிந்தவர்கள், ஒரு ரூமா கிடைக்காது? முதல் வீட்டில், "பேச்சிலருக்கு மட்டும்தாம்மா" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே. மூன்றாவது வீட்டில் போர்டே எழுதி மாட்டியிருந்தது, தமிழிலும் இந்தியிலும்: ஃபேமிலிக்கு விடுவதில்லை.

மெட்ராஸில் கல்யாணமாகாத பையன்கள் வீடு கிடைக்காமல் நாயாய் அலைவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே என்னடா என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் வந்துவிடக் கூடாதாம்!

நேராக எதிர்வீட்டு அத்தையிடம் போனேன். சின்ன வயதில் அவள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிடுவேன். "ஏன் அத்த, ஃபேமிலின்னா அவ்ளோ எளக்காரமா?"

அத்தை தண்ணீர் கொடுத்தாள், உட்காரவைத்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சாவகாசமாகச் சொன்னாள். "தண்ணி லாரி வெச்சி ஊத்தறம்மா. பேச்சிலருங்கன்னா குளிச்சிட்டுப் போவுதுங்க, கேன்டீன்ல துன்னுதுங்க, கம்பெனிலயே எல்லாத்தயும் முடிச்சிகினு வந்து வுழுந்து தூங்குதுங்க. ஃபேமிலின்னா ஆக்கணும், தொவைக்கணும், ஏனம் கழுவணும். நீ புள்ள பெத்துகினு வந்தா தெனம் வெந்நி ஊத்தணும், துணி அலசணும். எப்டிம்மா கட்டுப்படியாவும்?"

"உன் பையன் எங்க?"

"அவன் மறைமலை நகர்ல வாடகைக்குக் கீறான், பொண்டாட்டி புள்ளைங்களோட. இங்க ஏது எடம்?" என்றாள். சொந்த மகனுக்கு! வெயில் அதிகமாக இருக்கிறது என்பது போல, சாதாரணமாகச் சொன்னாள். என்னால் அதற்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை.

அப்போதுதான் தெருவை ஒழுங்காகப் பார்த்தேன். பொட்டிக்கடை இருந்த இடத்தில் ரீசார்ஜ் கடை, அதில் ஒடியா பாட்டு. ரொட்டியும் சப்ஜியும் போடும் மெஸ். கயிறு கயிறாக ஒரே மாதிரி சட்டைகள் காய்கின்றன. ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நான் இருந்த காலத்தைவிடப் பத்து மடங்கு ஜனம், அத்தனை பேரும் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில். ஒரு கிழம் இல்லை, ஒரு குழந்தை இல்லை.

மறுநாள் சத்துமாவு வாங்க அங்கன்வாடிக்குப் போனபோது டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க தெருவுல கடைசியா யாருக்கு டீச்சர் கொழந்த பொறந்தது?"

டீச்சர் பல வருடமாக அங்கேயே இருப்பவர், வீட்டுக்கு வீடு தெரிந்தவர். "அது வந்து..." என்று ஆரம்பித்தார். யோசித்தார். மாவுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார். "நீ நல்லபடியா பெத்துக்க" என்று மட்டும் சொல்லிப் பாக்கெட்டைக் கொடுத்தார்.

அந்த வாரமே கான்ட்ராக்டரின் ஆள் வந்தான். பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் நடந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். என்னைவிடச் சின்னவன். அப்பா அவனை சார் என்று கூப்பிட்டார்.

"இங்கயா டெலிவரிக்கு வெச்சிக்கப் போறீங்க? பாப்பா அழும்ல பெரியவரே? நைட் ஷிஃப்ட் பசங்க பகல்ல தூங்கணும். தூக்கம் கெட்டா லைன்ல பீஸ் ரிஜெக்‌ஷன் வரும், எங்களத்தான் கேப்பாங்க. கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னா நாங்க வேற பில்டிங் பாத்துக்குவோம்."

அப்பா அவசர அவசரமாகச் சொன்னார்: "அதெல்லாம் அழாது சார்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. இன்னும் பிறக்கவே இல்லை. என் வயிற்றில் இருக்கும் பிள்ளை அழாது என்று என்னைப் பெற்றவர் ஊரான் வீட்டுப் பையனுக்கு வாக்குக் கொடுக்கிறார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"அழும்! ஊரே எழுந்து ஓடற மாதிரி அழும்! இன்னா பண்ணுவ?" என்று கத்தினேன். தகரக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தூக்கம் கலைந்த முகங்கள் எட்டிப் பார்த்தன. தென்காசிப் பெண் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கான்ட்ராக்டரின் ஆள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அப்பா அவன் பின்னாலேயே போய் பைக் வரைக்கும் என்னமோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் வந்து காரில் ஆரணிக்குக் கூட்டிப் போனார். அம்மாவும் ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு ஏறிவிட்டாள். சம்பந்தி வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூச்சப்பட்டுக் குடிக்கிறவள் அவள். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க மருமகன் வீட்டில் போய் உட்காருவதா என்று வழி நெடுக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் மாமியார் கெட்டவள் இல்லை, ஆனால் நாக்கு சும்மா இருக்காது. "பொறந்த வூட்லயே எடமில்லியாமே" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி, எனக்குப் பெண் பிறந்ததும் வெந்நீர் காய்ச்சினாள், பத்தியம் ஆக்கினாள், பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். என் மகள் அழுதாள் பாருங்கள், தொண்டை கிழிய அழுதாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது அப்பா வந்தார். புதுச்சட்டை, கையில் நகைக்கடைப் பை. அதில் வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு, எல்லாமே கனம். என் மாமியாரே கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். அப்பா பேத்தியின் இடுப்பில் கட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன இருந்தாலும் அப்பாதானே என்று நினைத்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் அம்மா பையை எடுத்து வைத்தாள். "நானும் உங்கூடவே வந்துடறன்யா. எத்தினி நாளு இங்கியே குந்திகினு இருக்கறது?"

அப்பா கை துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். "சமையக்கட்ட வுட்டுட்டேன்."

"இன்னாது?"

"நீதான் இல்லியே, சும்மாத்தானே கெடந்துது. ரெண்டு கட்டில் போட்டுக் குடுத்துட்டேன். அந்த அட்வான்ஸ்லதான் கொழந்தைக்கு இதெல்லாம் வாங்கியாந்தேன். நான் மெஸ்ல துன்னுக்கறேன், எனுக்கு இன்னா?"

அம்மாவின் கையில் பை அப்படியே நின்றது. "அப்போ நான் எங்கய்யா போவேன்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி அந்த நிமிஷம் வரைக்கும் அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.