ரெண்டாங்கட்டு ஒழுகுவதை இத்தாலிய மொழியில் சொன்ன நாள்

1. உன்னை யாருக்குத் தெரியும்?

மொழிபெயர்ப்பாளராக நான் போன முதல் வேலை, தொடங்குவதற்கு முன்பே கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. காரைக்குடியில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்துகொண்டே ஆன்லைனில் இத்தாலிய மொழி படித்துத் தேர்வு எழுதியவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளும் நான்தான். சான்றிதழை லேமினேட் செய்து கையோடு கொண்டு போயிருந்தேன்.

வாடிக்கையாளர் பெயர் சில்வியா. தெற்கு இத்தாலியில் ஒரு சிற்றூரில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர். நாச்சியாபுரத்தில் ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, இங்கேயும் விருந்தினரைத் தங்க வைக்க விரும்பினார். வீட்டுக்காரர்களோடு பேசுவதற்கு டிராவல்ஸ்காரர் என்னை அனுப்பியிருந்தார்.

சில்வியா சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "காகிதம் சரி. உன்னை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

அவருடைய ஊரில் புது முகத்தைப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன் "ஆ கி அப்பார்த்தியேனி?" என்று கேட்பார்களாம். நீ யாரைச் சேர்ந்தவள் என்று பொருள். எனக்கு எரிச்சல் வந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்காத ஒரு வேலைக்கு வரத்தானே நான் இவ்வளவு படித்தேன்?

கார் நாச்சியாபுரத்துக்குள் திரும்பிய பிறகுதான் எந்த வீடு என்று எனக்குத் தெரிந்தது. என் அம்மா வீட்டு வேலை செய்யும் வீடு. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கார் வாசலில் நின்றுவிட்டது.

2. நம்ம வீட்டுப் புள்ள

வீட்டுக்காரர் மீனாள் ஆச்சியும் அவருடைய கொழுந்தனார் சொக்கலிங்கமும் முகப்பில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏத்தா, பாண்டியம்மா மகளா நீயி! தம்பி, பாத்தீகளா, நம்ம வீட்டுப் புள்ளதேன் துபாஷியா வந்திருக்கு. இனிக் கவலையே இல்ல!"

"என்ன சொல்கிறார்?" என்றார் சில்வியா.

மழுப்பியிருக்கலாம். வரவேற்கிறார் என்று சொன்னால் முடிந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். "என் அம்மா இந்த வீட்டில் வேலை செய்கிறார். அதனால் நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை என்கிறார். இனிக் கவலை இல்லை என்கிறார்."

சில்வியாவின் முகம் இறுகியது. "அப்படியானால் நீ அவர்களுடைய ஆள்."

"என் அம்மா இங்கே வேலை செய்கிறார். நான் இன்றைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் வேலை செய்கிறேன். என் முன்னால் பேசுவது எதுவானாலும் அடுத்தவருக்குச் சொல்லிவிடுவேன்" என்றேன். அதையே ஆச்சியிடம் தமிழிலும் சொன்னேன்.

"சொல்லு சொல்லு, எங்ககிட்ட ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ஆச்சி.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்" என்றார் சில்வியா.

3. கேள்வி மேல் கேள்வி

இத்தாலிய மொழியில் நம்பிக்கைக்கு "ஃபிதூச்சா" என்று பெயர். பாடத்தில் படித்தபோது எளிய சொல்லாகத்தான் இருந்தது. அதே வேரிலிருந்து வரும் "திஃபீதா" என்பது முறைப்படி அனுப்பும் எச்சரிக்கை நோட்டீசின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. அவநம்பிக்கையை நோட்டீசாகவே அனுப்பலாம். ஏமாந்துபோனவனை "ஃபெஸ்ஸோ" என்பார்கள். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும் என்று சில்வியா சொல்வார். எல்லா இத்தாலியர்களும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன். வடக்கு இத்தாலியிலிருந்து எங்கள் ஹோட்டலுக்கு வந்த விருந்தினர் சிலர் அதை மறுத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் சந்தேகத்தை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. காபி கொடுத்து உட்கார வைப்போம். ஆள் போன பிறகு நாலு பேரிடம் விசாரிப்போம்.

சில்வியா காபியைத் தொடாமல் கேட்டுக்கொண்டே போனார். வீட்டில் பங்கு உள்ள பங்காளி ஒருவர் மலேசியாவில் இருக்கிறாராமே, அவர் பிறகு வந்து மறுத்தால் என்ன செய்வீர்கள்? வீட்டில் இதுவரை எதையெல்லாம் பழுது பார்த்தீர்கள்? ஒரு குறையும் இல்லை என்று டிராவல்ஸ்காரரிடம் சொன்னீர்களாமே, அதை யார் உறுதி சொல்வது?

சொக்கலிங்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என்னத்தா இது, போலீஸ் விசாரணையா? எங்கள திருடங்கன்னு நெனைக்கிறாகளா?"

அதையும் அப்படியே சொன்னேன். சில்வியா திடுக்கிட்டார். "திருடர்கள் என்று நினைத்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு, வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த வீடு வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்."

தமிழில் கேட்டதும் சொக்கலிங்கம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப கேக்கட்டும்" என்றார்.

4. ரெண்டாங்கட்டு

வீட்டைச் சுற்றிக் காட்ட எழுந்தார்கள். வளவு என்னும் முதல் முற்றத்தைத் தாண்டி, அடுத்த முற்றமான ரெண்டாங்கட்டை நெருங்கியதும் ஆச்சி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ரெண்டாங்கட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீக. மழைக்கு ஒழுகுன கறை சுண்ணாம்புக்கு மேலயும் தெரியுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் சொன்ன விதியை ஆச்சி மறந்துவிட்டாரா, நம்ம வீட்டுப் புள்ளதானே என்று நினைத்தாரா, தெரியாது. சில்வியா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு முதுகு போனபின் அந்த வீட்டுச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இத்தாலிய மொழியில் சொன்னேன். பிறகு தமிழில், "நீங்க பேசுனத அவககிட்டச் சொல்லிட்டேன், ஆச்சி" என்றேன்.

ஆச்சியின் முகம் சிவந்தது. "உங்காத்தா நாளைக்கு இந்த வீட்டுக்கு வரணும்ல?"

அதையும் சில்வியாவுக்குச் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

சில்வியா ரெண்டாங்கட்டுக்குள் போய்க் கறையைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். "என் வீட்டிலும் ஒழுகுகிறது. விருந்தினர் வருவதற்கு முன்னால் நானும் வெள்ளையடித்துவிடுவேன். காலையிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். குறையே இல்லாத வீடு என்றால் பயமாக இருக்கிறது."

"அங்குட்டும் சுண்ணாம்புதானா!" என்று சொக்கலிங்கம் சத்தமாகச் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை. கூரையைச் சரிசெய்த பிறகு ஒப்பந்தம் பேசலாம் என்று முடிவாயிற்று. நான் கிளம்பும்போது ஆச்சி "போயிட்டு வா" என்றுகூடச் சொல்லவில்லை.

5. அம்மா போன காலை

அன்று நடந்ததை அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, சாப்பிடு" என்றார். மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பிப் போனார். எனக்கு ஹோட்டலில் வேலையே ஓடவில்லை. அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டால், நான் படித்த படிப்பு எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியதாக ஆகிவிடும்.

சாயங்காலம் அம்மா வந்து நடந்ததைச் சொன்னார். அம்மா பாத்திரம் துலக்கி முடித்த பிறகுதான் ஆச்சி கேட்டிருக்கிறார். "ஏன்டி, உம்மகளுக்கு வாயி அடங்காதா?"

"அடங்கணும்னா எதுக்கு ஆச்சி படிக்க வச்சேன்?"

அதற்கு ஆச்சி சொன்னாராம்: "சரி. அந்த அம்மா மறுபடி வரையில உம்மகளையே வரச் சொல்லு. வேற ஆளு வேணாம். நான் சொன்னத அங்குட்டுப் போட்டு ஒடைச்சவ, அவக சொல்றத இங்குட்டும் ஒடைப்பால்ல?"

சில்வியாவும் டிராவல்ஸ்காரரிடம் என்னைத்தான் கேட்டிருந்தார். கூரை வேலை முடிந்து ஒப்பந்தமும் ஆயிற்று. அந்தப் பேச்சு முழுவதற்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இடைவேளையில் இரண்டு பக்கத்து ஆட்களும் உங்களைத் தனியாக அழைத்து, "ஆளு எப்படி, நம்பலாமா?" என்று கேட்பார்கள். யாருக்கும் ஜாமீன் நிற்காதீர்கள். நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "அதை அவரிடமே கேளுங்கள். கேள்வியை ஒரு சொல் குறையாமல் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."