பூஜையில் வைத்த ரைஃபிள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனிக்கு நான் காவல்காரன். ராணுவத்தில் இருந்தவன் என்பதால் லைசென்ஸ் எடுத்து, சொந்தமாகப் புது ரைஃபிள் வாங்கியிருந்தேன். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாமி முன் வைத்தேன். என் மனைவி சந்தனம் குங்குமம் வைத்து, குழல் வாயில் சாமந்திப்பூவும் செருகினாள்.

மறுநாள் காலை பூவை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். நேற்றுத் துடைத்ததுதானே என்று நான் உள்ளே பார்க்கவில்லை.

கம்பெனியின் பின்சுவர் ஓரம் ஒருவன் இரும்பு மூட்டையோடு நின்றான். வானத்தைப் பார்த்துச் சுட்டு மிரட்டலாம் என்று குண்டை ஏற்றி, விசையில் விரலை வைத்தேன். அவன் மண்டியிட்டுக் கும்பிட்டான்.

"சுட்டுடாதண்ணா. புள்ளைங்க கீதுங்க."

விரலை எடுத்துவிட்டேன். அவன் சுவரேறி ஓடிவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் குண்டை எடுத்துவிட்டுத் துடைக்க உட்கார்ந்து, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தேன். ஒரே இருட்டு. கம்பியை விட்டுத் தள்ளியதும், சந்தனம் காய்ந்து இறுகிய சாமந்திக் காம்பு கீழே விழுந்தது.

"பூவ எடுக்கசொல்ல காம்பு உள்ளயே பூட்ச்சா? சுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள் மனைவி.

அடைத்த குழல் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும். 

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். குழலுக்குள் மறுபடியும் வெளிச்சம் பார்த்தேன்.

சுவரோரம் கும்பிட்டவன் தன் உயிருக்குத்தான் கெஞ்சினான். இப்போதெல்லாம் சாமி கும்பிடும்போது, பேர் தெரியாத அவன் பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.