உதட்டில் ஒட்டும் பக்கம்

போடி மலையில் குடியேறியவன் காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்ப்பதில்லை. தன் கால்களைப் பார்க்கிறான். ராத்திரி எந்த வழியாகவோ நுழைந்த அட்டை, விரலிடுக்கில் ரத்தம் குடித்துக் கொழுத்துக் கிடக்கும். உப்பு முடிச்சைத் தொட்டு வைத்தால் சுருண்டு விழும். அதைப் பார்த்தபின் காபி இறங்காது. கும்பகோணத்துப் பக்கமிருந்து உறவினர்கள், "ஏலக்காய் வாசனையில் வாழக் கொடுத்து வைத்தவன்" என்று எழுதுகிறார்கள். ஏலக்காய் வாசனை என்பது பாயசத்தில்தான். இங்கே அது அழுகின இலையும், காய் உலர்த்தும் கொட்டகைப் புகையும், காயாத கம்பளியும் கலந்த ஒரு வாடை. என்னைப் போலச் சமவெளியிலிருந்து பிழைக்க வந்த எல்லோருக்கும் இது தெரியும். ஊருக்கு எழுதும்போது மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் ஏலத் தோட்ட வேலைக்கு வரவில்லை. தோட்டத்துத் துரைக்கு வானப் பைத்தியம். மேட்டில் தகரக் கொட்டகை போட்டு, டெலஸ்கோப்பு வைத்து, கூட்டங் கூட்டமாக இருக்கும் நட்சத்திரங்களைக் கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கிறார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு தட்டு. சாதாரணத் தட்டில் நீல நட்சத்திரங்கள் பளிச்சென்று விழும். மஞ்சள் தட்டு என்று நாங்கள் சொல்லும் மற்றதில் சிவப்பு நட்சத்திரங்கள் எழும்பும். பகலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, எது எந்த நிறம் என்று பிரிப்பது என் வேலை. கார்த்திகைக் கூட்டத்தில் பிரகாசமானவை எல்லாம் நீலம். தெற்கே பஞ்சுப் பொட்டு மாதிரி தெரியும் உருண்டைக் கூட்டமும் அதே மாதிரி ஜனம்தானா, வேறு ஜனமா? அதன் நீலத் தட்டு கிடைத்துவிட்டது. மஞ்சள் தட்டு இன்னும் எடுக்கவில்லை. இவற்றில் எது இளசு, எது கிழடு என்று துரைக்கே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு செய்கிற வேலை அது. இந்த மலையில் எனக்கு அருவருப்புத் தராதது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் சொந்தச் சொம்பையே உதட்டில் வைக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். இங்கே முதல் நாளே துரை எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். மஞ்சள் தட்டுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில் அதன் எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று தெரிய, ஓரத்தைக் கீழுதட்டில் தொட வேண்டும். ஒட்டினால் மருந்துப் பக்கம். மாற்றிப் போட்டால் படம் குட்டிச்சுவர். வந்த நாள் முதல் அப்படியே செய்து வந்தேன். போன மாசியில் ஒருநாள், மருந்தைக் கண்ணாடியில் பிடித்து வைக்கும் இந்தப் பசை எதனால் ஆனது என்று சும்மா கேட்டுவைத்தேன். என் கவலை வேறு என்று அவர் நினைத்துக்கொண்டார். தோளைத் தட்டி, "பயப்படாதே, பன்றி ஒரு துளியும் இல்லை. எல்லாம் முதல் தரமான கன்றுக்குட்டித் தோல்!" என்றார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மட்டும் வாந்தி எடுத்தேன். துரை எனக்கு மலைக் காய்ச்சல் என்று கொய்னா மாத்திரை கொடுத்தார்.

போடியிலிருந்து தட்டுப் பெட்டிகளைத் தலையில் சுமந்து வருகிறவர் சிலமலை ஊர்ச் சம்சாரி, மாடு கட்டி உழுகிற செல்லமுத்து. நான் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துக் கேட்டார், சொன்னேன். சும்மாட்டை அவிழ்த்து வீசியெறிந்தார்.

"செருப்பத் தலையில வச்சுச் சொமந்தாப்புல ஆகிப்போச்சே சாமி! மாட்டுப் பொங்கலுக்கு எப்பிடி அதுக மூஞ்சியில முழிப்பேன்?"

"எனக்கும் இப்போதுதான் தெரியும், செல்லமுத்து."

"இனிமே கழுதையில கட்டிக் கொண்டாறேன். தலையில வைக்க மாட்டேன்."

அடுத்த சுமை கழுதை மேல் வந்தது. கழுதை வளைவில் வழுக்க, பெட்டி பள்ளத்தில் உருண்டது. எல்லாம் தூள். சீமையில் சண்டை நடப்பதால் கப்பல் ஒழுங்காக வருவதில்லை. புதுத் தட்டு எப்போது வருமோ. கொட்டகையில் மிஞ்சியது ஒரே ஒரு மஞ்சள் தட்டு.

பங்குனியில் அப்பாவின் திவசத்துக்கு ஊர் போனேன். நான் ஒரே பிள்ளை. போனதும் சித்தி, "ஏண்டா வாயைத் துடைச்சிண்டே இருக்கே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சித்தி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டாள். என்னை மாட்டுக்கொட்டில் பக்கம் உட்காரவைத்து, சித்தப்பா பஞ்சகவ்யம் கொடுத்தார். பாலும் தயிரும் நெய்யும் இருக்கட்டும். கோமியமும் சாணமும் தொண்டையில் இறங்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: மாடு பட்ட உதட்டை மாட்டைக் கொண்டே கழுவுகிறார்கள். மறுபடி குமட்டியது. துப்பினால் திவசம் கிடையாது. விழுங்கினேன். அப்பாவுக்குப் பிண்டம் வைத்தேன். கிளம்பும்போது சித்தப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு தரம் அது உன் உதட்டிலே பட்டதுன்னா, அண்ணாவுக்குத் திவசத்தை நான் பண்ணிக்கறேன். நீ வரவேண்டாம்."

சித்திரை முடியப் போகிறது. மலைக்கு மேற்கே மலையாளத்துப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. மழை இறங்கினால் மாசக்கணக்கில் வானம் கிடையாது. நேற்றுப் பொழுது சாய வானம் சுத்தமாக இருந்தது. துரை நிஜக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, "தட்டைப் போடு" என்று சொல்லி அனுப்பினார். இருட்டறையில் விரலால் தடவிப் பார்த்தேன். மலை ஈரத்தில் இரண்டு பக்கமும் ஒரே பிசுபிசுப்பு. அழுத்தினால் கீறல் விழும். கதவுக்கு வெளியே இருந்த செல்லமுத்துவைக் கெஞ்சினேன்: "நீ ஒரு தடவை தொட்டுச் சொல்லேன்."

"போங்க சாமி. ஒங்களுக்குத் தீட்டுக் கழிக்கச் சித்தப்பா இருக்காக. எனக்கு யாரு இருக்கா? வெரசாப் போடுங்க, மேகம் வருது."

சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த உருண்டைக் கூட்டமும் வந்தது. கீழுதட்டை வைத்தேன். ஒட்டியது. குளிர்காற்றில் வெடித்திருந்த உதடு. பிய்த்து எடுத்தபோது ஒரு துணுக்குத் தோலும் கூடவே போயிற்று.

ராத்திரியே படம் பிடித்துக் கழுவி வைத்த தட்டு இன்று காலை காய்ந்தது. நீலத் தட்டில் மங்கிக் கிடந்தவை எல்லாம் இதில் முன்னால் வந்து நிற்கின்றன. அங்கே பிரகாசமானவை சிவப்புகள்தான். கார்த்திகை மாதிரி இல்லை. இது வேறு ஜனம். எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. எச்சில் விழுங்கவும் அருவருப்பாக இருந்தது. ஓரத்தில், நட்சத்திரம் இல்லாத இடத்தில், ஒரு சின்னத் தழும்பு. சண்டை ஓய்ந்ததும் இந்தத் தட்டைச் சீமைக்கு அனுப்பிப் பெட்டகத்தில் பத்திரமாக வைக்கப் போகிறார்களாம். சித்தப்பாவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். என் உதட்டுத் தோல் ஒரு துணுக்குக்குச் சீமையில் இடம் இருக்கிறது. மிச்சமுள்ள ஆளுக்கு ஊரில் இலை இல்லை.