எனக்கு வர்றதில்லை என்று மட்டும் சொன்னவர்

கடலைக்கு ஜிப்சம் கேட்டு வந்தவருக்கு மூட்டையை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அண்ணன் மகள் கவிதா. "சித்தப்பா, அம்மா போய்ட்டாங்க," என்றாள். "இன்னாம்மா சொல்ற?" என்றேன். கேட்கும்போதே புரிந்துவிட்டிருந்தது. காலையில் காபி கொண்டுபோய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம். வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்புறமா வர்றேங்க," என்று மூட்டையை விட்டுவிட்டே போனார். திருப்பத்தூரில் நான் உரக்கடை வைத்திருக்கிறேன். திறந்த கடையைத் திறந்த கையோடு மூடினேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. இந்தச் சில ஆண்டுகளாக ஒன்று மாற்றி ஒன்றாகச் சாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் வயது எனக்கு.

இறந்தவர் என் அண்ணி இந்திராணி. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடித் திருவிழாவில் மாரியம்மன் அவர்மேல்தான் வந்தாள். பிறகு வரவில்லை. வரவில்லை என்பதை அவரே வாய்விட்டுச் சொன்னார். ஊரில் பலருக்கு அவர் அம்மன் வந்தவர், சிலருக்கு அம்மன் விட்டுப்போனவர். அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது இரண்டும் அல்ல. அதை எழுதிவைக்கத் தோன்றியது.

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பேச்சு குறைவு, வேலை அதிகம். கல்யாணமான மறு ஆண்டு கூழ் வார்க்கும் நாளில், பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தவர், பம்பை அடிக்கத் தொடங்கியதும் கையிலிருந்த சொம்பை விட்டுவிட்டு முன்னால் வந்தார். எங்கள் அம்மா பயந்துபோய்ப் பிடிக்கப் பார்த்தார்; பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அண்ணி பேசிய குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஆடியும் அப்படித்தான். காணாமல்போன மாடு, தள்ளிப்போகும் கல்யாணம், விடாத காய்ச்சல் என்று எல்லாரும் வந்து கேட்பார்கள். அண்ணன் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நிற்பார். மறுநாள் காலையில் அண்ணி புல்லுக்கட்டோடு வரும்போது யாராவது கையெடுத்துக் கும்பிட்டால், "எனக்கு இன்னா தெரியும்? அவகிட்ட சொல்லு," என்று கோயில் பக்கம் கையைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்.

எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"தூக்கம் வர்ற மாதிரிதான் தம்பி. நாம வரவழைக்கிறதா இன்னா? அதுவா வரும். எழுந்தா உடம்பெல்லாம் அடிச்சிப் போட்டாப்ல வலிக்கும்."

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி முடிந்த ஒரு மதியம், அண்ணி என் கடைக்கு வந்தார். எப்போதும் வராதவர். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து, வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "தம்பி, இந்த வருஷம் வந்தது அவ இல்ல. நான்தான்," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நின்னேன், வரவே இல்ல. பம்பைக்காரங்க அடிச்சி அடிச்சி வேர்த்துப் போய்ட்டாங்க. சுத்தி அத்தன பேரு பாத்துக்கினு இருக்கறாங்க. பழகின உடம்புதானே, ஆடிட்டேன். அதோட வுட்டிருந்தா பரவால்ல. மலைமேல நெல்லிவாசல்நாட்டுலருந்து வெள்ளச்சின்னு ஒரு பொம்பள வந்து, எம்புள்ள வருவானான்னு கேட்டா. வருவான்னு சொல்லிட்டேன்."

வெள்ளச்சியின் மகன் ஆந்திரா பக்கம் வேலைக்குப் போனவன். என்ன வேலை என்று மலையில் யாரும் கேட்பதில்லை; செம்மரம் வெட்டத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். போனவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

"இப்ப இன்னா பண்ணலாம் அண்ணி?"

"போய்ச் சொல்லிட்டு வரணும். தனியா போக மனசு வரல. நீ கூட வர்றியா?"

மறுநாளே போனோம். பஸ் போகிற வரைக்கும் பஸ், பிறகு ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஷேர் ஜீப், அதற்கு மேல் நடை. வெள்ளச்சி வீட்டு வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் எழுந்து காலில் விழப்போனார். அண்ணி தோளைப் பிடித்து உட்கார்த்தித் தாமும் மண்ணில் உட்கார்ந்தார்.

"வெள்ளச்சி, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அன்னிக்கி உனக்கு வாக்கு சொன்னது அம்மன் இல்ல. நான். உன் புள்ள வருவானா மாட்டானா, எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெள்ளச்சி முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். இன்னொரு கல்லையும் போட்டார்.

"நீங்க சொன்னீங்களோ, அவ சொன்னாளோ," என்றார் கடைசியில். "வேற யாரும் எனக்கு அதச் சொல்லலம்மா. போலீசுக்குப் போ, தலை முழுகிடுன்னுதான் சொன்னாங்க. குடுத்தத திருப்பி எடுத்துக்காதீங்க."

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சோறும் துவரைக் குழம்பும் போட்டார். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இறங்கி வரும் ஜீப்பில்தான் வாயைத் திறந்தார்.

"பொய்ய எடுக்கப் போனேன். வெள்ளச்சி வுட மாட்டேன்றா."

"அப்ப நீங்களும் வுட்டுடுங்க அண்ணி."

"வுடறதுக்கு அது என்கிட்ட இல்லியே தம்பி. அவகிட்டல்ல இருக்குது."

அந்தப் பையன் இன்று வரை வரவில்லை.

அடுத்த ஆடியில் அண்ணி போகவே மாட்டார் என்று நினைத்தேன். போனார். குளித்து, மஞ்சள் புடவை கட்டி, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். பம்பை அடித்தார்கள். நேரம் போயிற்று. "இன்னும் கொஞ்சம் அடிங்கப்பா," என்றார் ஊர்ப் பெரியவர். அடித்தார்கள். அண்ணி கண்ணைத் திறந்து, ஏதோ அடுப்பில் பால் பொங்குவதைச் சொல்வதுபோல, "போதும், நிறுத்துங்க. அவுங்க கை வலிக்கும். எனக்கு வரல. போன வருஷமும் வரல," என்றார்.

சத்தம் நின்றது. பெரியவர்தான் கேட்டார்: "இன்னாம்மா இப்பிடிச் சொல்ற? அப்ப சாமி இல்லன்றியா?"

"இல்லன்னு சொல்லலீங்க. எனக்கு வர்றதில்லன்னு சொல்றேன். ரெண்டும் வேற."

ரெண்டும் வேறு என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. வீட்டில் ஏதோ தீட்டு என்றார்கள். அந்த ஆண்டு மழை தள்ளிப்போனதற்கும், யாருடைய மாடோ செத்ததற்கும் அண்ணியைக் காரணம் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் அழைப்பு வைப்பார்கள். போனால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இருவர் வந்து, ஆண்டவர் உங்களை விடுவித்துவிட்டார் என்றார்கள். அண்ணி அவர்களுக்கு மோர் கொடுத்து, "விடுவிச்சா நிம்மதியா இருக்கணுமே. எனக்கு அப்பிடி இல்லியே," என்று அனுப்பினார். கடவுள் மறுப்புக் கூட்டங்கள் நடத்தும் என் நண்பர் ஒருவர், அண்ணியை மேடையில் பேசவைக்க வேண்டும் என்று என்னோடு ஊருக்கு வந்தார். "முப்பது வருஷத்துப் பொய்யை உடைச்சீங்க" என்று புகழ்ந்தார். அண்ணிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "முப்பது வருஷம் வந்தது நெசங்க. ஒரு வருஷம்தான் பொய். அத நான் சொல்லிட்டேன். மேடைக்கு வேற ஆளப் பாருங்க."

இவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவர் களைத்துப்போனார். சந்தையில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் எங்கே நின்றாலும் யாராவது கேட்டார்கள்: நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும் எல்லாருக்கும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி கூப்பிட்டால் கோயிலுக்குப் போவேன், நண்பர் கூப்பிட்டால் கூட்டத்துக்குப் போவேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

பிறகு ஓர் ஆடியில் அம்மன் வேறொரு பெண்மேல் வந்தாள். மேட்டுத் தெரு மருமகள், சின்ன வயது. வாக்குக் கேட்பவர்களின் வரிசையில் அண்ணியும் போய் நின்றார். அந்தப் பெண் திருநீறு பூசியதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். "எதுக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"எனக்குத்தானே வர்றதில்ல. அவளுக்கு வந்தா இல்லன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

இந்த ஆண்டு இருதயம் பலவீனமாகி, திருப்பத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் அம்மா, "நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க? உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்," என்றார். "உங்க சாமிகிட்டயே சொல்லுங்கம்மா. வேணாம்னு சொல்ல மாட்டேன்," என்றார் அண்ணி. அந்த அம்மாள் போனபின் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தம்பி, எல்லாரும் ஏன் வரலன்னுதான் கேட்டாங்க. வராதது எப்பிடி இருக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல."

"எப்பிடி இருக்குது அண்ணி?"

"முப்பது வருஷம் கூட இருந்தவ சொல்லாம கொள்ளாம போய்ட்டா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் இருக்குது."

அவர் என்னிடம் பேசிய கடைசி நீளமான பேச்சு அது. வீட்டுக்கு அழைத்துப்போன சில நாட்களில் போய்விட்டார்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பேச்சு முற்றியிருந்தது. ஊர்ப் பெரியவரும் இன்னும் சிலரும், "அம்மன் ஏறின உடம்பு இது. மஞ்சப் புடவை கட்டி, வேப்பிலை மாலை போட்டு, பம்பையோடதான் எடுக்கணும்," என்றார்கள். கவிதா அழுதுகொண்டே, "அம்மாதான் வரலன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டாங்களே. அப்ப ஒதுக்கி வெச்சீங்க. இப்ப இன்னா?" என்றாள்.

"அது அவுங்க சொன்னதும்மா. முப்பது வருஷம் நாங்க கண்ணால பாத்தது?" என்றார் பெரியவர். அவர் குரலும் உடைந்திருந்தது. அவருடைய பேத்தி பிழைத்ததே அண்ணி சொன்ன வாக்கால் என்று நம்புகிறவர் அவர்.

பம்பைக்காரர்கள் வந்து வேலியோரம் நின்றிருந்தார்கள். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் எந்த விஷயத்திலும் முதலில் பேசுகிறவர் இல்லை. பாடைக்கு மூங்கில் கட்டுவதைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்க பாத்தது நெசம். அவ சொன்னதும் நெசம். மஞ்சப் புடவை கட்டுங்க, வேப்பிலை போடுங்க. பம்பை மட்டும் வேணாம். அது அடிச்சா, வரணுமே, வரலியேன்னு கெடப்பா."

பம்பைக்காரர்கள் பம்பைகளை வேலியோரமே இறக்கி வைத்துவிட்டு, அவர்களாகவே வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். ஏரிக்கரை வழியாக, காலடிச் சத்தம் மட்டும் கேட்க, அண்ணியை எடுத்துப்போனோம்.

திரும்பி வந்து தலை முழுகி உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பசு கத்திற்று. காலையிலிருந்து யாரும் கறக்கவில்லை. மடி கல்லாக இறுகிப்போயிருந்தது. அண்ணன் போய் உட்கார்ந்தார். உதைத்துத் தள்ளியது. அது அண்ணியின் கைக்கே பழகிய மாடு. அண்ணன் எழுந்தார். பிறகு உள்ளே போய்க் கொடியில் கிடந்த அண்ணியின் பழைய நூல் புடவையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பசு திரும்பி ஒருமுறை முகர்ந்தது. பால் இறங்கிற்று.

கறந்து முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. புடவைக்குள்ளிருந்தே கேட்டார்: "ஏம்பா, அவ எங்கியாவது இருப்பாளா?"

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல," என்றார். செம்பை என்னிடம் நீட்டினார். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

போய்வாருங்கள் அண்ணி. மிகவும் களைத்திருந்தீர்கள். இனி உங்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.