டீச்சர் காரின் மேனிஃபோல்டு

நான்கு விரல் விரித்த கை போல அது என் மடியில் கிடந்தது. எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் பிரித்து அனுப்புகிற அலுமினியக் குழாய், மேனிஃபோல்டு என்போம். டீச்சர் கொண்டுவந்த பழைய காரிலிருந்து கழற்றியது. அச்சில் வார்த்தபோது விழுந்த சொரசொரப்பும் விளிம்புப் பிசிறும் அப்படியே இருந்தன. எதுவும் மாட்டாத இரண்டு காதுகள் வேறு நீட்டிக்கொண்டிருந்தன. கார் நன்றாகத்தான் ஓடியது. டீச்சர் கேட்டது அழகு.

"பானெட்ட தொறந்தா பாக்குற மாதிரி இருக்கணுங்க. எங்கப்பா வெளியில மட்டும் துடைச்சு துடைச்சு வச்சிட்டுப் போயிட்டாரு" என்றார்.

மரக்காணத்தில் எங்கள் பட்டறைக்குப் பின்னாலேயே உப்பளம். பளபளப்பாக்கிய அலுமினியம் அந்தக் காற்றில் சில வாரங்களில் வெள்ளை பூத்துவிடும். முதலாளி என்னிடம், "ஏம்பா, கறுப்பு பெயின்ட் அடிச்சு குடுத்துடு, தொல்ல விட்டுது" என்றார். நானும் டீச்சரிடம் அதையே சொன்னேன். அவர் கேட்கவில்லை. "பெயின்ட் அடிக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்? பளபளன்னே இருக்கட்டும். மங்குனா வர்றேன்."

வேண்டாத காதுகளை அறுத்தேன். துளைகளுக்குள் தூள் போகாமல் துணி அடைத்து, அரத்தால் ராவி, எமரித் தாளை முரட்டிலிருந்து நைசுக்கு மாற்றி மாற்றித் தேய்த்தேன். எஞ்சினோடு ஒட்டுகிற முகத்தை மட்டும் தொடவில்லை; அங்கே கொஞ்சம் தேய்ந்தாலும் காற்று கசியும். கடைசியில் மெருகேற்றுகிற பஃப் சக்கரத்தில் பிடித்தபோது என் முகம் நான்கு குழாயிலும் வளைந்து தெரிந்தது. மாட்டி முடித்ததும் டீச்சர் குனிந்து பார்த்தார். பிறகு, அதன்மேல் விழுந்திருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்தார்.

சொன்னபடியே மங்கியதும் வந்தார். பொம்மையார்பாளையத்திலிருந்து, பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து. நான் தேய்ப்பேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவருக்கும் வீட்டில் யாருமில்லை, எனக்கும் யாருமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் ஒரு டீச்சரிடம் என்ன பேசுவது என்று தலை குனிந்தே இருப்பேன். "அந்த எமரி ஷீட்ட உங்க வாயில போட்டு தேய்ச்சாதான் நாலு வார்த்த வரும்போல" என்பார். முதலாளி உள்ளேயிருந்து சிரிப்பார். நான் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். அடுத்த வெள்ளை எப்போது பூக்கும் என்று, கடல் காற்றைப் பார்த்துக்கொண்டே திரிந்த காலம் அது.

பிறகு ஒருநாள், கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை மாறிப் போவதாகச் சொல்ல வந்தார். அன்றும் தேய்த்துக் கொடுத்தேன். கிளம்பும்போது கேட்டார்.

"அங்க போயி மங்குனா என்னங்க பண்றது?"

"அங்க மங்காதுங்க டீச்சர். உப்புக் காத்து இல்ல. துணியால துடைச்சாலே போதும்."

"அப்போ வர வேணாங்கிறீங்க."

'வாங்க' என்று சொல்லியிருந்தால் போதும். கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.

போன வாரம் முதலாளியின் போனுக்கு டீச்சர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். "பாருப்பா, நீ செஞ்சது இன்னும் கண்ணாடியாட்டம் இருக்குது" என்று முதலாளி என்னிடம் நீட்டினார். பானெட் திறந்திருந்தது. பின்னால் ஏதோ ஒரு மலை. டீச்சர் படத்தில் இல்லை. விரலால் பெரிதாக்கி, எங்காவது ஒரு பொட்டு வெள்ளை பூத்திருக்கிறதா என்று குழாய் குழாயாகத் தேடினேன். எங்கும் இல்லை.